கேம் ஜீனியைக் கழற்றினால் கேசட் ஓட மாட்டேன் என்கிறது. கோடு போட்டு ஆடியதால் கெட்டுவிட்டதா?

உறையூர் குமரன் | சனி, இரவு 10:40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகன் போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது, தன் சின்ன வயது நின்டெண்டோவை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். முன்பக்க மூடியைத் திறந்து கேசட்டை உள்ளே தள்ளி, கீழே அழுத்துகிற சாம்பல் நிறப் பெட்டி; என்.இ.எஸ். என்பார்களே, அதுதான். கூடவே 11 கேசட், இரண்டு கன்ட்ரோலர், ஒரு கேம் ஜீனி (கேசட்டோடு சேர்த்து மாட்டி, சில எழுத்துகள் கொண்ட கோடு, அதாவது code, ஒன்றைப் போட்டால் ஆட்டத்தையே மாற்றிக் கொடுக்கிற கருவி). கேம் ஜீனியோடு வரும் கோடு புத்தகம் மட்டும் எங்கேயோ தொலைந்துவிட்டதாம்.

நான் இதை ஆசையோடு வாங்கி வைத்ததற்குக் காரணம் அப்பா. 1996-ல் எங்கள் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. அப்பா செகண்ட் ஷிஃப்ட் முடிந்து பதினொன்றரைக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மரியோ ஆடுவார். நான் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டே பார்ப்பேன். எட்டாவது உலகம் வரை போயிருக்கிறார். கடைசிக் கோட்டையை மட்டும் அவர் பார்த்ததே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார், பேசுகிறார். வலது கை விரல்கள்தான் மெதுவாக வேலை செய்கின்றன. குதிக்கிற பட்டன் வலது கட்டைவிரலில்தானே இருக்கிறது? பள்ளத்தைப் பார்த்து, மனதில் நினைத்து, விரல் அழுத்துவதற்குள் மரியோ உள்ளே விழுந்துவிடுகிறான். மூன்று லைஃபும் 1-2-க்குள், அதாவது முதல் உலகத்தின் இரண்டாவது ஸ்டேஜுக்குள், முடிந்துவிடும்.

அண்ணனிடம் போனில் சொன்னபோது, புத்தகம் இல்லாமலேயே ஒரு கோடு மனப்பாடமாக ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார்: எஸ்-எக்ஸ்-ஐ-ஓ-பி-ஓ. லைஃப் குறையவே குறையாது. மூன்று வாரம் அப்பா தினமும் ஆடினார். கன்ட்ரோலரைத் தலையணை மேல் வைத்து, வலது ஆள்காட்டி விரலால் பட்டனைத் தட்டுவார்.

போன ஞாயிறு கேம் ஜீனியைக் கழற்றிவிட்டு வெறும் கேசட்டைப் போட்டேன். சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று அணைந்து எரிகிறது, திரையில் ஒன்றுமில்லை. 11 கேசட்டும் அப்படித்தான். கேம் ஜீனியோடு போட்டால் எல்லாம் ஓடுகிறது! இங்கே ஒரு கடையில் காட்டினேன். “கோடு போட்டு ஆடினா கேசட்ல இருக்குற புரோகிராமே மாறிடும் சார், இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். உண்மையா? அண்ணன் முப்பது வருடம் பத்திரமாக வைத்திருந்த பொருளை மூன்று வாரத்தில் கெடுத்துவிட்டேனா?

இன்னொன்றும் இருக்கிறது. என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். “கோடு போட்டு ஆடினா அது ஜெயிச்சதாவே ஆகாது தாத்தா” என்று சொல்லிவிட்டான். அப்பா ஒன்றும் சொல்லாமல் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். அதனால்தான் கேம் ஜீனியைக் கழற்றவே செய்தேன்.


செவ்வாய்ப்பேட்டை செந்தில் | சனி, இரவு 11:15

எங்கள் டிவி கேமிலும் இப்படித்தான் வரும் நண்பா. கேசட்டின் வாயில் நன்றாக ஊதிவிட்டு, முழுசாக அழுத்தாமல் கொஞ்சம் வெளியே இருக்கிற மாதிரி போட்டுப் பாருங்கள்.


மாசி வீதி மெக்கானிக் | ஞாயிறு, காலை 6:20

குமரன் தம்பி, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. கேசட் நன்றாக இருக்கிறது. கடைக்காரர் சொன்னது தவறு. பழுது இருப்பது மெஷினுக்குள், அதுவும் சரிசெய்யக்கூடிய பழுது.

செந்தில் தம்பி, தயவுசெய்து ஊதச் சொல்லாதீர்கள். நாமெல்லாம் ஊதித்தான் வளர்ந்தோம். ஆனால் வாயில் இருந்து போகிற ஈரம் கேசட்டின் வாயில் வரிசையாக இருக்கும் செம்புப் பட்டைகளில், அதாவது அதன் ‘விரல்களில்’, பச்சை பிடிக்கவைக்கும். ஊதியதால் ஓடவில்லை, கழற்றித் திரும்பப் போட்டதால்தான் ஓடியது.

முதலில் கேம் ஜீனி என்ன செய்கிறது என்று சொல்கிறேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அது கேசட்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மெஷினில் உள்ள பிராசசர் நொடிக்குப் பல லட்சம் முறை “இந்த முகவரியில் என்ன இருக்கிறது?” என்று கேசட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேள்வியும் பதிலும் கேம் ஜீனி வழியாகத்தான் போய்வரும். நீங்கள் போட்ட கோடில் உள்ள முகவரி வரும்போது மட்டும், கேசட் சொல்லும் பதிலை மறித்துவிட்டு, தன் கையில் இருக்கிற எண்ணைக் கொடுக்கும். அவ்வளவுதான். கேசட்டில் இருப்பது மாஸ்க் ரோம். தொழிற்சாலையில் அச்சடித்ததோடு சரி, அதில் எதுவும் எழுத முடியாது. பவரை அணைத்தால் கோடும் போய்விடும்.

அந்தக் கோடையே எடுத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் பிடித்த கோடு அது. கேம் ஜீனித் திரையில் 16 எழுத்துதான் இருக்கும், கவனித்தீர்களா? ஏ, பி, இசட், எல், ஜி, ஐ, டி, ஒய், ஈ, ஓ, எக்ஸ், யு, கே, எஸ், வி, என். இதே வரிசையில் அவை 0 முதல் 15 வரையிலான எண்கள். ஆறு எழுத்தையும் எண்ணாக்கி, அதற்கென்று உள்ள முறைப்படி பிட்டுகளை இடம் மாற்றி அடுக்கினால் ஒரு முகவரியும் அங்கே வைக்க வேண்டிய ஒரு பைட்டும் (ஒரு சின்ன எண்) கிடைக்கும். எஸ்-எக்ஸ்-ஐ-ஓ-பி-ஓ-வை அவிழ்த்தால் வரும் இடத்தில், மரியோவின் புரோகிராமில் “லைஃப் எண்ணிக்கையில் ஒன்றைக் கழி” என்ற கட்டளை இருக்கிறது. கோடு அந்த ஒரு பைட்டை மாற்றி, “லைஃப் எண்ணிக்கையை எடுத்துப் பார்” என்று ஆக்கிவிடுகிறது. மரியோ விழுகிறான். புரோகிராம் கழிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறது. கழிக்காமல் எண்ணைப் பார்க்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை, ஆகவே ஆட்டம் தொடரட்டும் என்கிறது. ஒரே ஒரு பைட்! நான் முதல் தடவை காகிதத்தில் போட்டு அவிழ்த்துப் பார்த்த அன்று ராத்திரி தூங்கவில்லை.

ஒன்று மட்டும் கவனம். 3-1 படிக்கட்டில் ஆமை ஓட்டின் மேல் குதித்துக் குதித்து லைஃப் சேர்க்கிற வித்தை அப்பாவுக்குத் தெரிந்திருந்தால், அந்தக் கோடோடு அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணிக்கை 127-ஐத் தாண்டினால் அது புரோகிராமுக்கு மைனஸாகத் தெரியும். அப்போது விழுந்தால் நேராக கேம் ஓவர்.

இனி உங்கள் பழுது. அந்த மெஷினில் கேசட்டை உள்ளே தள்ளி, அப்புறம் தட்டைக் கீழே அழுத்துகிறோம் இல்லையா? அழுத்தும்போதுதான் 72 பின்னும் கேசட்டின் விரல்களைப் பிடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் கேம் ஜீனியைப் போட்டால் தட்டை அழுத்த முடியாது, மேலேயே நிற்கும். மேலே இருக்கும்போதும் பின்கள் தொட வேண்டும் என்பதற்காக கேம் ஜீனியின் பலகையைச் சாதாரண கேசட் பலகையைவிடத் தடிமனாகச் செய்துவிட்டார்கள். அந்தத் தடிமன் பின்களை அகட்டிவிடுகிறது. பிறகு மெல்லிய கேசட்டைப் போட்டால் பின்கள் சரியாகத் தொடுவதில்லை. கேசட்டில் ஒரு பூட்டுச் சிப்பும் மெஷினில் ஒரு பூட்டுச் சிப்பும் உண்டு. இரண்டும் பேசிக்கொள்ள முடியாவிட்டால் மெஷின் நொடிக்கொரு தரம் தன்னைத்தானே ரீசெட் செய்யும். நீங்கள் பார்த்த மினுக் மினுக் அதுதான். முப்பது வருடப் பழைய பின், மூன்று வாரம் தினமும் அகண்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

செய்ய வேண்டியது இது. பவர் ஒயரைக் கழற்றிவிட்டு மெஷினைக் கவிழ்த்து, அடியில் உள்ள ஆறு ஸ்குரூவையும் கழற்றுங்கள். மேல்மூடி, உள்ளே தகரக் கவசம், அப்புறம் கேசட் தட்டு. எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். தட்டு வெளியே வந்ததும் போர்டின் ஓரத்தில் செருகியிருக்கும் கறுப்புப் பட்டைதான் பின் கனெக்டர். சால்டரிங் கிடையாது, இழுத்தால் வந்துவிடும். அதை மட்டும் ஒரு பாத்திரத்தில் போட்டு, குடிக்கிற நல்ல தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். எடுத்து உதறி, சுத்தமான கேசட் ஒன்றைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். கேசட்டின் விரல்களில் கறுப்புக் கோடு விழும். அது பல வருட அழுக்கு. துடைத்துவிட்டு மறுபடி கொதிக்க வையுங்கள். பிறகு முழுதாக ஒரு நாள் காய வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டிவிடாதீர்கள்.

காய்கிற நேரத்தில் 11 கேசட்டையும், கேம் ஜீனியின் இரண்டு பக்கத்தையும், போர்டின் ஓரத்தையும் பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும். பட்ஸ் வெள்ளையாகத் திரும்பி வரும் வரை துடைக்க வேண்டும்.

குண்டூசியால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஒரு பின் முறிந்தால் முழு கனெக்டரும் போச்சு. புது கனெக்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. ஆனால் நான் மாட்டிய சில கேசட்டைப் பல்லால் கடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டன, இழுத்து எடுப்பதே பாடு. பழைய கனெக்டரைப் பிழைக்கவைக்க முடிந்தால் அதுவே நல்லது.

இன்னொரு விஷயம், பவர். அமெரிக்க அடாப்டரை நம்முடைய 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகவில்லை என்று நம்புகிறேன். வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தால் சரி. இல்லாவிட்டால் ஒரு ஆம்பியருக்கு மேல் கொடுக்கிற 9 வோல்ட் டி.சி. அடாப்டர் போதும். அந்த மெஷினுக்குள்ளேயே ரெக்டிஃபையர் இருப்பதால் பிளஸ் மைனஸ் எப்படி இருந்தாலும் ஓடும்.

பையன் சொன்னதற்கு ஒரு வார்த்தை. 90களில் என் மேசைக்கு வந்த டிவி கேம் கேசட்டுகளில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஆட்டம் சில டஜன்தான். கான்ட்ராவே நாலு பெயரில் வரும்: ஒன்றில் முதல் ஸ்டேஜ், இன்னொன்றில் மூன்றாவது ஸ்டேஜ், மற்றொன்றில் ஆரம்பத்திலேயே நல்ல துப்பாக்கி. யாரோ ஒருவர் உட்கார்ந்து கேம் ஜீனி செய்கிற அதே வேலையைச் செய்து, சில பைட்டுகளை மாற்றி, சிப்பிலேயே பதிந்திருக்கிறார். அவற்றை ஆடித்தான் நம் ஊரில் ஒரு தலைமுறையே கான்ட்ராவை முடித்தது. பொய் ஆட்டம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.


குறுக்குவழி வேண்டாம் | ஞாயிறு, காலை 9:05

மெக்கானிக் அண்ணன் சொன்ன பழுது விவரம் அருமை. ஆனால் எனக்குப் பையன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. முடிவில்லாத லைஃப் இருந்தால் பள்ளத்தைக் கண்டு பயமே இருக்காது. பயம் இல்லாத மரியோவில் என்ன இருக்கிறது?

கோடு இல்லாமலே ஒரு வழி இருக்கிறது, ஆட்டத்தைச் செய்தவர்களே வைத்த வழி. கேம் ஓவர் ஆனதும் தலைப்புத் திரைக்கு வரும் இல்லையா? அங்கே ஏ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்துங்கள். எந்த உலகத்தில் செத்தீர்களோ அதே உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து ஆரம்பிக்கும். மூன்று லைஃபோடு ஆடி, பயந்து, விழுந்து, திரும்பவும் வரலாம். அப்பாவுக்கு அது பிடிக்கலாம்.


ஸ்கார்பரோ ரூபன் | ஞாயிறு, காலை 11:50

குமரன் அண்ணா, உங்கட அப்பா விரைவில் முழுசாகச் சுகமாக வேண்டும்.

நாங்கள் கனடாவுக்கு வந்து சேர்ந்த நேரம்தான் கேம் ஜீனி இங்கே கடைகளில் வந்தது. இங்கிலாந்தில் கோட்மாஸ்டர்ஸ் கண்டுபிடித்ததை இங்கே கேமெரிக்கா என்ற கம்பெனியும், அமெரிக்காவில் கலூப் என்ற பொம்மைக் கம்பெனியும் விற்றன. ஆனால் அமெரிக்காவில் 1990-ல் நின்டெண்டோ வழக்கில் இறங்கி, விற்பனைக்கு இடைக்காலத் தடை வாங்கிவிட்டது. ஒரு வருடம் அங்கே விற்கவில்லை, இங்கே விற்றது. அண்ணன் ஒன்று வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அப்போது ஆங்கிலம் சரியாக வராது. ஆனால் கோடு எழுதின கொப்பி எங்களிடம் இருந்ததால் மற்றப் பெடியன்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த வழக்கில் 1991-ல் சான் பிரான்சிஸ்கோ நீதிபதி ஃபெர்ன் ஸ்மித், காசு கொடுத்து ஆட்டத்தை வாங்கியவர் தன் சந்தோஷத்துக்காக அதை மாற்றி ஆடிப் பார்க்கலாம், அதனால் அது புதிய படைப்பு ஆகிவிடாது என்று தீர்ப்புச் சொன்னார். 1992-ல் மேல்முறையீட்டிலும் கலூப்தான் வென்றது. தடை இருந்த காலத்து நட்டத்துக்காக நின்டெண்டோ ஒன்றரைக் கோடி டொலர் கட்ட வேண்டி வந்தது. இது பதிப்புரிமை வழக்கு, உங்கள் மகன் கேட்டது வேறு கேள்வி, எனக்குத் தெரியும். ஆனாலும் ‘வாங்கியவர் எப்படி ஆடுவது என்பது அவர் இஷ்டம்’ என்பது எனக்கு அன்றைக்கே மனதில் நின்றுவிட்டது.

ஒரு எச்சரிக்கை. மெக்கானிக் அண்ணை சொன்னது கேம் ஜீனிக்குப் பொருந்தும். கேம் ஷார்க், ஆக்‌ஷன் ரீப்ளே என்பவை வேறு சாதி. அவை ரோமில் இருந்து வருகிற பதிலை மறிப்பதில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷினின் தற்காலிக நினைவகமான ராமில் ஒரு எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கும். சேவ் பண்ணுகிற கேசட்டில் அதைப் பாவித்தால் தவறான எண்ணும் சேர்ந்தே சேவ் ஆகிவிடலாம். 1999-ல் கேம் பாயில் போக்கிமான் ரெட் ஆடிக்கொண்டிருந்த என் தங்கைக்கு, கேம் ஷார்க்கில் 15 என்று போட்டு மியூ என்ற அரிய போக்கிமானைப் பிடித்துக் கொடுத்தேன். அது நன்றாக வந்தது. அடுத்த நாள் இன்னும் நாலு கோடுகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றை அணைக்காமலே சேவ் பண்ணினேன். 140 மணி நேரம் அவள் வளர்த்த எல்லாமே போய்விட்டது. அவள் கத்தவில்லை, கேம் பாயை அணைத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இப்பவும் அந்த முகம் எனக்குத் தெரியும். சேவ் உள்ள கேசட் எதுவும் உங்களிடம் இருந்தால் அந்த வகைச் சாதனங்களைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.


உறையூர் குமரன் | அடுத்த சனி, இரவு 9:30

மெக்கானிக் அண்ணே, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஸ்டெப் டவுன்தான் வைத்திருக்கிறேன், பயப்பட வேண்டாம். திங்கட்கிழமை ராத்திரி கழற்றினேன். கனெக்டரை இரண்டு முறை கொதிக்கவைத்தேன். முதல் முறை கேசட்டைச் செருகி எடுத்தபோது விரல்களில் மை பூசியதுபோல் கறுப்பு. இரண்டாவது முறை லேசான சாம்பல் கோடு. செவ்வாய் முழுக்க மின்விசிறிக்குக் கீழே ஒரு துணியில் கிடந்தது. புதன் காலை மாட்டினேன். கேம் ஜீனி இல்லாமல் 11-ல் 9 கேசட் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. மீதி இரண்டும் இன்னொரு முறை துடைத்ததும் வந்தன.

அப்பா மெஷினைக் கழற்றும்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்குரூக்களை ஒரு தட்டில் வரிசையாக எடுத்து வைத்தது அவர்தான், வலது கையால். ஒரு பைட் விஷயத்தைப் படித்துக் காட்டினேன். “கழிக்கறதுக்குப் பதிலா பாத்துட்டு விட்டுடுது” என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

மகனையும் உட்காரவைத்து எழுத்து எண் கணக்கைக் காட்டினேன். அவனுக்கு அதில் பெரிய ஆர்வம் வந்துவிட்டது. மரியோவில் ஆரம்ப லைஃபை மாற்றுகிற கோடு ஒன்று தேடிக் கண்டுபிடித்தோம்: ஏ-ஏ-டி-ஓ-இசட்-ஏ போட்டால் ஒரே லைஃபோடு ஆரம்பம். முதல் எழுத்தை ஐ ஆக்கினால் ஆறு லைஃப், ஒய் ஆக்கினால் எட்டு. புரோகிராமில் இருக்கிற எண் திரையில் தெரிவதைவிட ஒன்று குறைவு என்று அவனாகவே கண்டுபிடித்துச் சொன்னான். இப்போது அவன் ஒரே லைஃபோடு ஆடுகிறான், தாத்தா முடிவில்லாத லைஃபோடு ஆடுகிறார், இரண்டுமே கேம் ஜீனிதான். ஜெயித்ததாக ஆகுமா ஆகாதா என்ற பேச்சு அப்புறம் வரவில்லை.

ஏ பட்டனும் ஸ்டார்ட்டும் சேர்த்து அழுத்துகிற வழியையும் சொன்னேன். நல்ல வழிதான் என்றார். ஆனால் ஒவ்வொரு முறையும் உலகத்தின் முதல் ஸ்டேஜுக்குத் திரும்பிப் போக இப்போது கையில் தெம்பு இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்று சாயங்காலம் 4-4-க்கு வந்துவிட்டார். சரியான வழியில் போகாவிட்டால் அதே இடம் திரும்பத் திரும்ப வருமே, அந்தக் கோட்டை. ஏழு மணியில் இருந்து சுற்றிக்கொண்டிருக்கிறார். நேரம் முடிந்து சாகிறான், மறுபடியும் ஆரம்பிக்கிறார். வழியை இங்கே கேட்கட்டுமா என்றேன். “லைஃப் மட்டும் கேட்டேன், வழியை நானே பார்த்துக்கறேன்” என்கிறார். அதனால் யாரும் எழுதிவிடாதீர்கள்.